அனைத்துலக உறவுகளை முதுநிலையில் படிக்க விரும்புவோருக்கு: சிங்கப்பூரிலிருந்து ஒரு வழிகாட்டி

2023ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை விதித்தது. அந்த வார இறுதியில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மளிகை வாங்கச் சென்றபோது, வழக்கமாக ஒரு மூட்டை அரிசியோடு கிளம்பும் குடும்பங்கள் இரண்டு மூன்று மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றியதைக் கண்டேன். அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது என்பதால் அந்தப் பதற்றத்தைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் கடைகளில் அரிசி தீர்ந்துபோகவில்லை. இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியைப்போல் இரு மடங்கு அரிசியை இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இங்கு உண்டு. ஆகஸ்ட் இறுதிக்குள், சிங்கப்பூருக்கு 50,000 டன் அரிசியை அனுப்ப இந்தியா தனி விலக்கும் அளித்தது.

அனைத்துலக உறவுகள் துறையை முதுநிலையில் படிக்க எண்ணுவோர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும்போது, நான் அவர்களை இந்த அரிசி மூட்டையிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன். இத்துறையின் மாணவர் முதலில் பழக வேண்டியது, ஒரே நிகழ்வை வெவ்வேறு தளங்களில் நின்று விளக்கிப் பார்ப்பதாகும். முடிவெடுத்தவர்களின் தளத்தில் பார்த்தால், அடுத்த ஆண்டு பொதுத் தேர்தலை எதிர்நோக்கியிருந்த ஓர் அரசு உள்நாட்டில் அரிசி விலை ஏறுவதை விரும்பவில்லை. நாட்டின் உள்ளமைப்பைப் பார்த்தால், பருவமழையின் போக்கு, அரசுக் கிடங்கின் இருப்பு, விவசாயிக்கும் நுகர்வோருக்கும் இடையிலான இழுபறி ஆகியவை தெரியும். உலக ஒழுங்கின் தளத்தில் பார்த்தால், தடைக்கு மூன்றே நாள்களுக்கு முன்னர், ஜூலை 17ஆம் தேதி, போருக்கு இடையிலும் உக்ரேனின் தானியம் கடல்வழியே வெளியேற இடமளித்த கருங்கடல் தானிய உடன்பாட்டிலிருந்து ரஷ்யா விலகியிருந்தது. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு இந்தியாவுடையது. மழையைக் குறைக்கக்கூடிய எல் நினோ பருவநிலை பற்றிய அச்சமும் சந்தையில் பரவியிருந்தது. எந்தத் தளத்தின் விளக்கம் வலுவானது, அதை எந்தச் சான்றைக் கொண்டு நிறுவுவது என்ற இடத்தில்தான் முதுநிலைப் படிப்பு தொடங்குகிறது. செய்திகளை நிறைய அறிந்திருப்பது வேறு, செய்தியை விளக்கக் கற்பது வேறு. இந்த வேறுபாட்டை நான் படிப்பில் சேர்ந்து பல வாரங்கள் கழித்தே உணர்ந்தேன். பின்வருவோர் அதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியை எழுதுங்கள்

பெரும்பாலோர் முதலில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேள்வியைப் பிறகு தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, இரண்டு ஆண்டுகள் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கக்கூடிய ஒரு கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "மியன்மார் நெருக்கடி பற்றி அறிய விரும்புகிறேன்" என்பது ஆர்வமே தவிர, கேள்வி ஆகாது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி அங்கு ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஏப்ரல் 24ஆம் தேதி ஜக்கார்த்தாவில், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைவர்கள், வன்முறையை நிறுத்துவது, பேச்சு தொடங்குவது உள்ளிட்ட ஐந்து அம்ச இணக்கத்தை எட்டினர். அந்த அம்சங்கள் நிறைவேறாதபோதும் அமைப்பு அதையே தன் அடிப்படை நிலைப்பாடாகத் தொடர்ந்து வைத்திருப்பது ஏன்? இது கேள்வி. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் இருக்க முடியும். ஒவ்வொரு விடையையும் ஆவணங்களைக் கொண்டு சோதிக்க முடியும். சோதனையின் முடிவில் உங்கள் முன்முடிவு தவறாகிப்போகவும் கூடும். இந்த மூன்றும் பொருந்தினால் அது முதுநிலைக்கு உகந்த கேள்வி.

சிங்கப்பூரில் வாழ்பவருக்குக் கேள்விகள் தொலைவில் இல்லை. 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டு, நம் வீடுகளின் சன்னல்களை மூடவைத்த, இந்தோனேசியக் காட்டுத்தீயால் வந்த புகைமூட்டம் ஒரு கேள்வி: எல்லை கடந்த புகைமூட்டம் குறித்து 2002இல் கையெழுத்தான ஆசியான் உடன்பாட்டை இந்தோனேசியா 2014இல்தான் ஏற்புறுதி செய்தது என்றால், இடைப்பட்ட 12 ஆண்டுகளை எப்படி விளக்குவது? அதே 2014இல் சிங்கப்பூர் தனக்கென ஒரு சட்டத்தை இயற்றி, வெளிநாட்டில் காட்டை எரிக்கும் நிறுவனங்கள்மீதும் நடவடிக்கை எடுக்க வழிசெய்ததே, அது பிறநாட்டின் இறையாண்மையில் தலையிடுவதா, தன் மக்களைக் காப்பதா? காஸா போரையொட்டிச் செங்கடலில் 2023 நவம்பரிலிருந்து கப்பல்கள் தாக்கப்பட்டபோது, அவை ஆப்பிரிக்காவைச் சுற்றி வரத் தொடங்கியதும், அதன் தொடர்விளைவாக மறு ஆண்டின் நடுப்பகுதியில் நம் துறைமுகத்தில் நெரிசல் ஏற்பட்டதும் இன்னொரு கேள்வி. தொலைதூரப் போர் ஒன்று பாசிர் பாஞ்சாங் துறைமுக முனையத்தில் காத்திருக்கும் சரக்குக் கொள்கலனாக வந்து நிற்பதைக் கண்ணால் காணக்கூடிய ஊர்கள் உலகில் அதிகமில்லை.

இரண்டாம் படி: கேள்விக்கு ஏற்ற படிப்பைத் தேடுங்கள்

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உள்ள எஸ். ராஜரத்தினம் அனைத்துலக ஆய்வுப் பள்ளி, 1996இல் தற்காப்பு, உத்திபூர்வ ஆய்வுக் கழகமாகத் தோன்றி, 2007 ஜனவரியில் இப்போதைய பெயரைப் பெற்றது. அனைத்துலக உறவுகள், உத்திபூர்வ ஆய்வு, ஆசிய ஆய்வு, அனைத்துலக அரசியல் பொருளியல் ஆகியவற்றில் முதுநிலைப் பட்டங்களை அது வழங்கிவருகிறது. முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு, பகுதிநேரமாகப் படித்தால் இரண்டாண்டு. போர், தற்காப்பு, பயங்கரவாதம், பெருந்தொற்று, தட்பவெப்ப மாற்றம் போன்ற நெருக்கடிகளை நேரடியாக ஆராய விரும்புவோருக்கு இது இயல்பான இடம். பூன் லேயிலிருந்து 179ஆம் எண் பேருந்தில் செல்ல வேண்டிய தொலைவு என்பதைப் பகுதிநேர மாணவர்கள் கணக்கில் கொள்ளுங்கள். ராஃபிள்ஸ் பிளேசில் வேலை முடித்து மாலை வகுப்புக்குச் செல்வோருக்குப் பயணமே ஒரு பாடத்துக்கு ஈடான உழைப்பைக் கேட்கும்.

பெயர் குறித்து ஒன்று சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்து, பத்திரிகையாளராகப் பணியாற்றிய ராஜரத்தினம்தான் 1965இல் இந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானார். அவருக்குப் பின் அப்பொறுப்பை வகித்தோரின் வரிசையில் தனபாலன், ஜெயக்குமார், சண்முகம், விவியன் பாலகிருஷ்ணன் என இடம்பெறும் பெயர்களைப் பாருங்கள். இத்துறை நமக்கு எட்டாதது என்று எண்ணும் தமிழ் மாணவர்களை நான் இன்னமும் சந்திக்கிறேன். அந்த எண்ணத்துக்கு இந்நாட்டின் வரலாற்றில் இடமில்லை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி 2004இல் தொடங்கப்பட்டது. புக்கிட் தீமா வளாகத்தில், பூமலை எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. அதன் அனைத்துலக விவகார முதுநிலைப் படிப்பு, ஓராண்டுப் படிப்புகளைவிட நீண்டது. பொருளியல், புள்ளிவிவரப் பகுப்பாய்வு, கொள்கை வகுத்தல் ஆகியவற்றுக்கும் இடம் தருவது. அரசாங்கத்திலோ அனைத்துலக அமைப்பிலோ முடிவுகளை வகுக்கும் மேசையில் அமர விரும்புவோருக்கு இது பொருந்தும். அதே பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறையில் ஆய்வுவழி முதுநிலைப் பட்டம் உண்டு. பாடங்களைவிட ஆய்வேடே அங்கு முதன்மை. முனைவர் பட்டத்துக்குச் செல்லும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டுமே அந்த வழியைப் பரிந்துரைப்பேன்.

மூன்றில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர் பட்டியலையும் திறந்து, உங்கள் கேள்வியை ஒட்டிக் கடந்த ஐந்து ஆண்டுகளில் எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இருவராவது இருந்தால் அங்கு விண்ணப்பியுங்கள். ஒருவர் மட்டும் இருந்தால், அவர் விடுப்பில் சென்றாலோ வேறு நாட்டுக்குப் போனாலோ நீங்கள் தனித்து விடப்படுவீர்கள்.

மூன்றாம் படி: விண்ணப்பம்

கல்வியாண்டு பொதுவாக ஆண்டின் நடுப்பகுதியை ஒட்டித் தொடங்குவதால், முந்தைய ஆண்டின் இறுதியிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இறுதி நாள், கட்டணம், ஆங்கிலத் தேர்வுக்கான தகுதி மதிப்பெண் ஆகியவை ஆண்டுதோறும் மாறக்கூடியவை. நண்பர் சொன்னதை நம்பாமல் பள்ளியின் அதிகாரபூர்வப் பக்கத்திலேயே பாருங்கள். தமிழ்நாடு, இலங்கை போன்ற இடங்களிலிருந்து முழுநேரப் படிப்புக்கு வருவோருக்குக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் மாணவர் அனுமதி அட்டை தேவை. ஏற்கெனவே வேலை அனுமதியில் இங்கு இருப்போர், பகுதிநேரப் படிப்பில் சேர முடியுமா என்பதைப் பள்ளியிடமும் தம் முதலாளியிடமும் எழுத்துமூலம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இளநிலைப் பட்டம் அரசியல் அறிவியலில் இல்லையே என்று பொறியாளர்களும் தாதியரும் ஆசிரியர்களும் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. கிருமித்தொற்றுக் காலத்தில் மருத்துவமனையில் பணியாற்றிய ஒரு தாதி, பெருந்தொற்றுகளையும் சுகாதாரப் பாதுகாப்பையும் பற்றிய வகுப்பில் மற்றவர்களுக்கு இல்லாத அறிவோடு வந்து அமர்கிறார். கப்பல் நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவருக்கு மலாக்கா நீரிணை வரைபடத்தில் உள்ள நீலக்கோடு அன்று, அன்றாடக் கணக்கு. அந்த அனுபவத்தை, ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையில் எழுதுங்கள். உலக அமைதியின் தேவையைப் பற்றிய பொது வாக்கியங்களால் நிரம்பிய அறிக்கையைப் படிப்பவர் இரண்டாம் பத்தியிலேயே மறந்துவிடுவார். முதல் படியில் எழுதிய கேள்வி, அது உங்கள் வாழ்வில் எப்படி முளைத்தது, அதற்கு விடை தேட இந்தப் பள்ளி ஏன், யாரிடம் கற்க விரும்புகிறீர்கள் என்ற வரிசையில் இரண்டு பக்கத்துக்குள் எழுதினால் போதும். பரிந்துரைக் கடிதம் தருவோரிடம் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே கேட்டு, அறிக்கையின் வரைவையும் கொடுத்துவிடுங்கள். உயர்ந்த பதவியில் இருந்தாலும் உங்களைச் சரியாக அறியாதவரின் கடிதத்தைவிட, உங்கள் வேலையை நாள்தோறும் பார்த்த மேற்பார்வையாளரின் கடிதம் மேலானது.

நான்காம் படி: வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய மாதங்கள்

இந்த மாதங்களை வீணாக்குவோர் பலர். கோட்பாட்டு நூல்களைத் தலையணை உயரத்துக்கு வாங்கி, மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிடுகிறார்கள். கோட்பாட்டை வகுப்பு கற்றுத் தரும். அதற்கு முன் நீங்களாகவே பெற வேண்டியது, மூல ஆவணத்தைப் படிக்கும் பழக்கம். அதற்கு இரண்டு பயிற்சிகளைச் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரு காசு செலவில்லை.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் வாக்குப் பதிவுகள் இணையத்தில் எவரும் பார்க்கக் கிடைக்கின்றன. 2022 மார்ச் 2ஆம் தேதி, உக்ரேன்மீதான ரஷ்யாவின் படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்துக்கு ஆதரவாக 141 நாடுகளும் எதிராக ஐந்து நாடுகளும் வாக்களித்தன. 35 நாடுகள் வாக்களிப்பிலிருந்து விலகி நின்றன. அப்போது ஆசியானில் இருந்த பத்து நாடுகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் வாக்கையும் அதன் அருகில் குறியுங்கள். வியட்நாமும் லாவோசும் விலகி நின்றன. மற்ற எட்டும் ஆதரித்தன. எட்டில் மியன்மாரும் ஒன்று என்பதைக் கண்டதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். ரஷ்யாவுக்கு நெருக்கமான ராணுவம் ஆளும் நாடு எப்படி அவ்வாறு வாக்களித்தது? ஆட்சிக் கவிழ்ப்புக்கு முந்தைய அரசால் அனுப்பப்பட்ட தூதரே நியூயார்க்கில் அந்த இருக்கையில் தொடர்ந்து இருந்தார் என்பது விடை. "ஒரு நாடு வாக்களித்தது" என்று நாம் எளிதாகச் சொல்லும் சொற்றொடருக்குள், அந்நாட்டின் பெயரால் பேச உரிமை பெற்றவர் யார் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. அடுத்து சிங்கப்பூரின் வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்நாடு அத்தோடு நிற்காமல், பாதுகாப்பு மன்றத்தின் ஆணை இல்லாத நிலையிலும் ரஷ்யாமீது தானே தடைகளை விதித்தது. பெரிய நாடுகளுக்கு அஞ்சியோ வேண்டியோ செய்தது என்று சொல்ல எண்ணினால், 1983இல் கரீபியத் தீவு நாடான கிரெனடாமீது அமெரிக்கா படையெடுத்தபோது பொதுச் சபையில் அதை வருந்திக் கண்டித்த தீர்மானத்தை சிங்கப்பூர் ஆதரித்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். 39 ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு வாக்குகளை அருகருகே வைத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது பயிற்சி நீளமானது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சிறு தீவின் உரிமைக்காகச் சிங்கப்பூரும் மலேசியாவும் வாதிட்ட பெட்ரா பிராங்கா வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23ஆம் தேதி வழங்கிய தீர்ப்பை முழுமையாகப் படியுங்கள். சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல் மைல் தொலைவில், காற்பந்துத் திடலைவிடச் சற்றே பெரியதாக இருக்கும் அந்தப் பாறைத் தீவில் 1851இலிருந்து ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1979இல் மலேசியா வெளியிட்ட வரைபடம் ஒன்று அத்தீவைத் தன் எல்லைக்குள் காட்ட, 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. தீவு தொடக்கத்தில் ஜொகூர் சுல்தானகத்துக்கு உரியது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1953இல், தீவின் உரிமைநிலை பற்றிச் சிங்கப்பூரின் குடியேற்ற அரசு விசாரித்து எழுதிய கடிதத்துக்கு, ஜொகூர் மாநிலத்தின் தற்காலிகச் செயலாளர் அனுப்பிய பதிலில், ஜொகூர் அரசு பெட்ரா பிராங்காவுக்கு உரிமை கோரவில்லை என்று இருந்தது. அந்தக் கடிதத்தையும் அதற்குப் பின் இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்துப் பார்த்த நீதிமன்றம், 1980ஆம் ஆண்டு வாக்கில் இறையாண்மை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்று 12க்கு 4 என்ற பெரும்பான்மையில் முடிவுசெய்தது. அருகிலுள்ள மிடில் ராக்ஸ் என்ற பாறைத்திட்டு மலேசியாவுக்குச் சென்றது.

தீர்ப்பைப் படிக்கும்போது மூன்று நிறப் பேனாக்களை வைத்துக்கொண்டு, சிங்கப்பூரின் வாதம், மலேசியாவின் வாதம், நீதிமன்றத்தின் சொந்த முடிவு ஆகியவற்றைத் தனித்தனியே கோடிடுங்கள். மாறுபட்ட நீதிபதிகளின் கருத்துரைகளையும் விடாதீர்கள். யாரோ ஓர் அலுவலர் தட்டச்சு செய்து அனுப்பிய சில வரிகள் அரை நூற்றாண்டு கழித்து ஒரு தீவின் உரிமையைத் தீர்மானிக்கின்றன என்பதை ஆவணத்திலேயே தொட்டுப் பார்த்தவர், பின்னர் எந்தக் கட்டுரையிலும் மேற்கோளை அலட்சியமாகக் கையாள மாட்டார். நாம் வென்றோம் என்ற மகிழ்ச்சியோடு படிக்கத் தொடங்கினாலும், மலேசியாவின் வாதம் எவ்வளவு வலுவானது என்பதை ஒப்புக்கொள்ளும் மனத்தோடு முடிக்க வேண்டும். அப்படி முடிக்க இயலாவிட்டால் மறுபடி படியுங்கள்.

இதற்கான இடங்களும் நம் ஊரில் உண்டு. விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகத்தின் ஏழாம் தளத்திலிருந்து பதின்மூன்றாம் தளம் வரை பரந்துள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகம், 1968இல் தொடங்கப்பட்டு இப்போது ஹெங் முய் கெங் டெரசில் இயங்கும், தென்கிழக்காசியாவை ஆராயும் யூசோஃப் இஷாக் கழகத்தின் நூலகம், கேனிங் ரைசில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் ஆகியவற்றை ஒருமுறையாவது நேரில் சென்று பாருங்கள். யூசோஃப் இஷாக் கழகமும் ராஜரத்தினம் பள்ளியும் பொதுமக்கள் கலந்துகொள்ளக்கூடிய கருத்தரங்குகளை நடத்துகின்றன. அவற்றில் பேச்சாளர் சொல்வதைவிட, பின்வரிசையிலிருந்து எழும் கேள்விகளைக் குறித்துக்கொள்வது அதிகம் பயன்தரும்.

ஐந்தாம் படி: படிப்புக் காலம்

வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு 100 முதல் 150 பக்கங்கள் வரை படிக்கத் தரப்பட்டால் வியப்படைய வேண்டாம். எல்லாவற்றையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்க முயல்பவர் நான்காம் வாரத்தில் களைத்துப்போவார். ஒவ்வொரு கட்டுரைக்கும் நான்கு வரிகளில் குறிப்பு எழுதுங்கள்: ஆசிரியர் எதை விளக்க முயல்கிறார், அவருடைய விடை என்ன, சான்று எது, என்ன நடந்திருந்தால் அவருடைய விடை பொய்யாகியிருக்கும். நான்காவது வரியை எழுத முடியவில்லை என்றால் ஒன்று நீங்கள் கட்டுரையைப் புரிந்துகொள்ளவில்லை, அல்லது கட்டுரையில் வாதமே இல்லை.

என் முதல் கட்டுரை மியன்மாரின் ரோஹிஞ்சா அகதிகளைப் பற்றியது. 2017 ஆகஸ்டுக்குப் பின் 700,000க்கும் அதிகமானோர் பங்ளாதேஷுக்கு ஓடியதை நாள்வாரியாக, மிகுந்த மன உருக்கத்தோடு எழுதியிருந்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில், "நடந்தது தெரிகிறது; ஏன் நடந்தது என்று நீங்கள் சொல்வது எங்கே?" என்று இருந்தது. அன்றிரவு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியின் துணையால்தான் அடுத்த கட்டுரையில், மியன்மாரின் ஆட்சியாளர்கள் 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் வழியே ஒரு மக்களை எப்படி நாடற்றவர்களாக்கினார்கள் என்பதிலிருந்து தொடங்கி, வன்முறைக்கு முன்பே அதற்கான சட்ட அடித்தளம் அமைந்துவிட்டது என்ற வாதத்தை என்னால் கட்ட முடிந்தது. உருக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை; வாதத்துக்கு முன்னே அதை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வகுப்பில் பேசுங்கள். ஆசிரியர் அழைக்கும்வரை காத்திருக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் மிகுதி. அதை மரியாதை என்று நாம் கருதுகிறோம், வகுப்பு அதைத் தயாரிப்பின்மை என்று எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் முன் ஒரே ஒரு கேள்வியை எழுதி எடுத்துச் சென்று, முதல் அரை மணி நேரத்துக்குள் கேட்டுவிடுங்கள். உங்களோடு அமர்ந்திருப்போர் வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த ராணுவ அதிகாரிகளாகவும் அரசு அலுவலர்களாகவும் பத்திரிகையாளர்களாகவும் இருக்கக்கூடும். தென்சீனக் கடல் பற்றிப் படிக்கும் நாளில், ஃபிலிப்பீன்ஸ் சீனாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12ஆம் தேதி வந்த நடுவர் மன்றத் தீர்ப்பைப் பற்றி ஒரு ஃபிலிப்பினோவும் ஒரு சீனரும் ஒரே மேசையில் பேசுவதைக் கேட்கும் வாய்ப்பு, கட்டிய கட்டணத்தில் பாதிக்கு ஈடு என்பேன்.

பகுதிநேர மாணவர்களுக்கு ஒரு சொல். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே பேசி, வாரத்தில் எந்த இரவுகள் படிப்புக்கு உரியவை என்று முடிவுசெய்துகொள்ளுங்கள்.

தமிழ் ஒரு சான்றுக் கருவி

பலரும் தவறவிடும் ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் உள்ள பலரால் ஆங்கிலத்தில் மட்டுமே ஆவணங்களைப் படிக்க முடியும். உங்களால் தமிழில் படிக்க முடியும். பாக் நீரிணை மீனவர் சிக்கலை எடுத்துக்கொண்டால், இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்பாடுகளின் ஆங்கில வாசகம் எவருக்கும் கிடைக்கும். கச்சத்தீவு பற்றித் தமிழகச் சட்டமன்றத்தில் பேசப்பட்டதையும், இராமேசுவரம் மீனவர் சங்கங்களின் அறிக்கைகளையும், இழுவைமடிப் படகுகளால் தங்கள் வலைகள் அறுபடுவதாக யாழ்ப்பாண மீனவர்கள் கொடுக்கும் பேட்டிகளையும் நேரடியாகப் படிக்கக்கூடியவர் நீங்களே. இரு கரைகளிலும் தமிழ் பேசும் ஏழை மீனவர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கும் ஒரு சிக்கலை இரு அரசுகளின் மோதலாக மட்டும் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகள் எதைத் தவறவிடுகின்றன என்பதை உங்களால் காட்ட முடியும்.

சிங்கப்பூரிலும் அப்படியே. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்னாவணத் தொகுப்பில் உள்ளன; தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் தமிழிலும் நேர்காணல்களைச் சேகரித்திருக்கிறது. மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்தி, 1963 முதல் 1966 வரை நீடித்த எதிர்ப்போராட்டக் காலத்தை, 1965 மார்ச் 10ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோட்டில் மூவரின் உயிரைப் பறித்த மெக்டோனல்ட் ஹவுஸ் குண்டுவெடிப்பை, இங்கிருந்த தமிழ்த் தொழிலாளர்களும் வணிகர்களும் எப்படி உணர்ந்தார்கள் என்பதை ஒரு முதுநிலை ஆய்வேடாக எழுத இடமிருக்கிறது. கலைச்சொற்களில் மட்டும் கவனம் தேவை. பாடத்தின் சொற்களை ஆங்கிலத்தில் கற்றாலும், இறையாண்மை, அதிகாரச் சமநிலை, அச்சுறுத்தித் தடுத்தல், கூட்டுப் பாதுகாப்பு என்று உங்கள் குறிப்பேட்டில் தமிழிலும் எழுதி, ஒவ்வொன்றையும் உங்கள் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ புரியும்படி ஒரு வாக்கியத்தில் விளக்கிப் பாருங்கள். விளக்க முடியாத சொல்லை நீங்கள் இன்னும் கற்கவில்லை.

வேலை

குடிமக்களுக்கு வெளியுறவு அமைச்சும் தற்காப்பு அமைச்சும் வெளிப்படையான வழிகள். அவற்றைத் தவிர ஆய்வுக் கழகங்கள், வங்கிகளிலும் கப்பல், எரிசக்தி நிறுவனங்களிலும் உள்ள அரசியல் இடர் மதிப்பீட்டுப் பணிகள், நிவாரண அமைப்புகள், ஊடகம், கற்பித்தல் ஆகியவை உள்ளன. பட்டம் மட்டும் வேலையைத் தராது. ஒரு வட்டாரத்தை ஆழமாக அறிவது, ஒரு கூடுதல் மொழி, எண்களைக் கையாளும் திறன் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டையாவது பட்டத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிப் படிக்க எண்ணுவோர், இப்போதைய வேலையிலேயே தொடர்ந்தாலும் அந்தக் கடனை அடைக்க முடியுமா என்று கணக்கிட்டுவிட்டுச் சேருங்கள்.

நெஞ்சுக்கு அருகில் உள்ள நெருக்கடியைப் படிக்கும்போது

தமிழ் மாணவர்களில் பலர் 2009இல் முடிந்த இலங்கைப் போரைப் பற்றி எழுத விரும்புகிறார்கள். சிலருடைய உறவினர்கள் முள்ளிவாய்க்காலில் இருந்தவர்கள். எழுதாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை எழுதுபவர் மற்ற எவரையும்விட இரு மடங்கு கவனத்தோடு எழுத வேண்டும். ஐக்கிய நாடுகள் தலைமைச் செயலாளர் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று நம்பத்தகுந்த பல தரப்புகள் மதிப்பிட்டுள்ளதாகக் கூறுகிறது. "40,000 பேர் இறந்தனர் என்று ஐக்கிய நாடுகள் சபை கூறியது" என எழுதினால், அந்த வாக்கியத்தில் "வரை", "இருக்கலாம்", "மதிப்பிட்டுள்ளதாக" என்ற மூன்றையும் நீங்கள் அழித்துவிடுகிறீர்கள். எதிர்வாதம் செய்பவர் அந்த ஓட்டை வழியாகவே உள்ளே வந்து, உங்கள் முழு ஆய்வையும் தள்ளிவிடுவார். இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர்களைப் பற்றிய ஒவ்வொரு எண்ணையும் எவராலும் அசைக்க முடியாதபடி எழுதுவது. அந்தக் காலத்தில் ஐக்கிய நாடுகள் அமைப்பு தன் கடமையில் எங்கெங்கே தவறியது என்பதை அதன் சொந்த உள்ளாய்வுக் குழுவே 2012இல் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. அதையும் சேர்த்துப் படியுங்கள்.

இத்தகைய ஆய்வேட்டின் வரைவை முடித்ததும், உங்களோடு உடன்படுவோரிடம் கொடுப்பதற்கு முன், உடன்படாத ஒருவரிடம் கொடுங்கள். என்னோடு படித்த சிங்கள நண்பர் ஒருவர் என் வரைவைப் படித்துவிட்டு, இரண்டு அத்தியாயங்களின் ஓரங்களில் எழுதிய கேள்விகள் 31. அவற்றில் ஒன்பதுக்கு என்னிடம் விடை இல்லை. அந்த ஒன்பதுக்கும் விடை தேடி, விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தின் மேல் தளங்களில் நான் கழித்த மூன்று வாரங்களில் எழுதிய பக்கங்களைத்தான் தேர்வாளர்கள் பின்னர் தனியே குறிப்பிட்டார்கள்.